அட்டையில் இல்லாதவள்

செப்டம்பர் பதினான்காம் தேதி காலை எட்டு முப்பதுக்கு நகர அலுவலகத்தின் கதவு திறந்தது. லொரேன் தீபதோ எட்டு மணியிலிருந்து வாசலில் நின்றிருந்தாள். கையில் இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள். ஒன்று அவளுடையது. மற்றது வின்னி காபுடையது.

எழுத்தர் மேவிஸ் விளக்கைப் போட்டாள். கோட்டைக் கழற்றி மாட்டினாள். பிறகுதான் லொரேனைப் பார்த்தாள்.

"இன்னிக்கு வருவேன்னு தெரியும். பேப்பர் பாக்கலையா?"

"பாத்தேன். தப்பா போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

தப்பாகப் போடவில்லை. வசந்தத்தில் சட்டசபை ஒரு சட்டம் செய்திருந்தது. இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ மணம் செய்துகொள்ளலாம் என்றது அது. செப்டம்பர் பதினான்கு அன்று நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். கோடையில் எதிர்ப்பாளர்கள் தேவாலய வாசல்களில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். தேவையான அளவுக்கு மேல் சேர்ந்தது. இனி நவம்பர் மூன்றாம் தேதி மக்கள் வாக்களித்து முடிவு சொல்வார்கள். அதுவரை சட்டம் அலமாரியில் இருக்கும்.

"ஜெயிச்சா மறுநாள் காலையிலயே நானே பாரத்தை எடுத்துக்கிட்டு வரேன்," என்றாள் மேவிஸ். "கட்டில் பக்கத்துலயே முடிச்சிடலாம். வின்னிய இங்க இழுத்துட்டு வர வேண்டாம்."

"தோத்தா?"

மேவிஸ் பேனாக்களைக் குவளையில் அடுக்கினாள்.

வின்னி ஆற்றோரத்து முதியோர் இல்லத்தில் இருந்தாள். இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் அதட்டினால் கடைசி இருக்கைவரை அடங்கும் என்பார்கள். இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாய். நுரையீரலில் கால் பங்கு மிச்சம். கிறிஸ்துமஸைப் பார்ப்பது கஷ்டம் என்று மருத்துவர் லொரேனிடம் சொல்லியிருந்தார். வின்னியிடம் சொல்லவில்லை. வின்னி அதை அவர் முகத்திலிருந்து படித்துக்கொண்டாள்.

"நவம்பர் மூணுதானே? ஏழு வாரம். இருந்து தொலைக்கிறேன்."

"இருப்பியாடி?"

"கல்யாணம் ஆகாம சாக மாட்டேன். நீ போய் உருப்படியா ஏதாவது செய். இங்க உக்காந்து என் மூச்சை எண்ணிக்கிட்டு இருக்காதே."

லொரேன் உருப்படியாகச் செய்யப் போனாள்.

*

சட்டத்தைக் காப்பாற்றுவதற்கென்று ஓர் அமைப்பு இருந்தது. அதன் பெயர் எல்லாக் குடும்பங்களுக்குமான கூட்டமைப்பு. ஆலைத் தெருவில் மூடிக்கிடந்த ஒரு மெத்தைக் கடையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கண்ணாடியில் 'ஒருமுறை படுத்துப் பாருங்கள்' என்ற பழைய எழுத்து அப்படியே இருந்தது. அழிக்க ஆள் இல்லை.

வட்டார இயக்குநர் குவென்டின் ஹார்லோ வாஷிங்டனிலிருந்து வந்தவர். ஐந்து மாநிலங்களில் இதே வேலையைச் செய்திருந்தார். ஐந்திலும் தோல்வி. அதனால் அனுபவசாலி என்று எல்லோரும் மதித்தார்கள்.

முதல் நாள் பயிற்சிக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். குவென்டின் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். அதில் சொல்லக் கூடாத சொற்கள் இருந்தன. திருமணம். காதல். மனைவி. இரண்டு பெண்கள். இரண்டு ஆண்கள். உரிமை. இல்லை.

"இது என் இஷ்டம் இல்ல," என்றார் குவென்டின். "ஆராய்ச்சி. நாற்பது பேரை ஒரு அறையில உக்கார வச்சு, ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு திருகு குடுத்தோம். பிடிச்சா வலது பக்கம் திருகணும், பிடிக்கலைன்னா இடது பக்கம். 'திருமணம்'னு சொன்னதும் மீட்டர்ல முள் கீழ போச்சு. 'இரண்டு பெண்கள்'னு சொன்னப்ப ஒருத்தர் திருகையே ஒடிச்சுட்டார்."

"'இல்லை' ஏன் இருக்கு?" என்றாள் லொரேன். "ஓட்டே 'இல்லை'ன்னுதானே போடணும்?"

இதை இங்கே சொல்லிவிட வேண்டும். வாக்குச்சீட்டில் ஆறாம் கேள்வி இப்படி இருந்தது: அந்தச் சட்டத்தை ரத்து செய்ய விரும்புகிறீர்களா? சட்டம் வேண்டும் என்பவர்கள் 'இல்லை' என்று போட வேண்டும். வேண்டாம் என்பவர்கள் 'ஆம்' என்று.

"நல்ல கேள்வி," என்றார் குவென்டின். "'இல்லை' எதிர்மறைச் சொல். ஜனங்களுக்கு எதிர்மறை பிடிக்கறதில்ல. அதனால நாம சொல்றதில்ல."

பிறகு ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். நீல நிறம், தபால் அட்டை அளவு. மூன்று வாக்கியங்கள்.

'வணக்கம், நான் உங்கள் ஊர்க்காரர்.'

'எல்லாக் குடும்பங்களும் சமமாக நடத்தப்பட வேண்டும்.'

'நவம்பர் மூன்றில் குடும்பங்களின் பக்கம் நில்லுங்கள்.'

அட்டையைத் தொலைக்கக் கூடாது. மடிக்கக் கூடாது. பிரசாரம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும்.

"இப்ப ஒவ்வொருத்தரும் ஏன் வந்தீங்கன்னு சுருக்கமா சொல்லுங்க. மனசுலேர்ந்து வரணும். ஐம்பது விநாடி."

லொரேனின் முறை வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"நானும் வின்னியும் இருபத்தொன்பது வருஷமா ஒண்ணா இருக்கோம். அவளுக்கு நுரையீரல் போயிடுச்சு. அவ சாகறதுக்குள்ள கல்யாணம் பண்ணிக்கணும். அதுக்காக வந்தேன்."

பதினோரு விநாடிதான் ஆகியிருந்தது. குவென்டின் எதையோ குறித்துக்கொண்டார்.

"அருமை. ரொம்ப நேர்மை. இதுல மூணு பிரச்சினை மட்டும் இருக்கு. ஒண்ணு வின்னி. ரெண்டு சாவு. மூணு கல்யாணம்."

"மிச்சம் என்ன இருக்கு?"

"இருபத்தொன்பது வருஷம். அது நல்லா இருக்கு. அதை வச்சுக்கலாம்."

அந்த வாரமே அவள் கதை திருத்தப்பட்டு வந்தது. 'எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருபத்தொன்பது வருடமாக இந்த ஊரில் வாழ்கிறது.' வாஷிங்டனில் சோதித்துப் பார்த்திருந்தார்கள். முள் லேசாக வலது பக்கம் நகர்ந்ததாம். ஆனால் ஒரு குறை இருந்தது. அதை லொரேன் சொன்னால், தனக்காகவே பேசுகிறாள் என்று கேட்பவர்கள் நினைக்கலாம். கதையை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள்.

எமரி ஸ்ப்ரௌலிடம் ஒப்படைத்தார்கள். ஊரின் பழைய தீயணைப்புத் தலைவர். நரைத்த மீசை. மனைவி இறந்து ஆறு வருடம். நான்கு பிள்ளைகள். வெறும் புகைப்படத்தைக் காட்டியதற்கே முள் எழுபத்தொன்றுக்குப் போனது.

எமரி வாகன நிறுத்துமிடத்தில் லொரேனிடம் வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"உன் கதையை என்கிட்ட குடுத்துட்டாங்க லொரேன்."

"கேள்விப்பட்டேன்."

"திரும்ப வேணும்னா சொல்லு. குடுத்துடறேன்."

"வச்சுக்க எமரி. நல்லாச் சொல்லு."

*

வாக்காளர்களுக்கு எண் உண்டு. உறுதியான ஆதரவு ஒன்று. சாய்வு இரண்டு. முடிவெடுக்காதவர் மூன்று. எதிர்ப்பின் பக்கம் சாய்பவர் நான்கு. உறுதியான எதிர்ப்பு ஐந்து. மூன்றாம் எண்காரர்களின் கதவை மட்டும்தான் தட்ட வேண்டும். நான்கையும் ஐந்தையும் தொடக் கூடாது. அவர்களுக்குத் தேர்தல் நாள் மறந்துபோனால் நல்லது என்பது கணக்கு.

லொரேன் செருப்பு ஆலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவள். இடது காலும் வலது காலும் ஒரே அளவா, ஒரே தோலா என்று பார்த்து ஜோடி சேர்ப்பது வேலை. விதிமுறை அவளுக்குப் புதிதில்லை. கதவைத் தட்டினாள், அட்டையைப் படித்தாள், எண்ணைக் குறித்தாள்.

"எல்லாக் குடும்பங்களும் சமமாக நடத்தப்பட வேண்டும்."

"யாரு வேண்டாம்னது?" என்றாள் ஒரு பெண். "தண்ணி வரி பத்தியா?"

லொரேன் இரண்டாம் வாக்கியத்தைத் திரும்பப் படித்தாள். புரியாதவர்களுக்கு இரண்டாம் வாக்கியத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பது பயிற்சி. அந்தப் பெண் மூன்றாம் எண்ணாகவே இருந்தாள்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை பட்டியலில் அர்மான் பெயர் இருந்தது. எண்பத்தொரு வயது. இரண்டு வீடு தள்ளி இருப்பவர். வின்னிக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து அவர்கள் வீட்டு விறகைப் பிளந்து கொடுப்பவர்.

அவள் முதல் வாக்கியத்தைப் படித்தாள்.

"ஊர்க்காரின்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அர்மான். "உள்ள வா பொண்ணே. குளிருது. அட்டையை எதுக்குப் படிக்கற? நான் 'ஆம்'னு போடப் போறேன். உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் நடக்கணும்ல?"

லொரேன் அட்டையைப் பார்த்தாள். இதற்கு அட்டையில் ஒன்றும் இல்லை.

"'ஆம்'னு போட்டா சட்டம் போயிடும் அர்மான். கேள்வியே 'ரத்து பண்ணலாமா'ன்னுதான் இருக்கு."

"எவன் எழுதினான் அந்தக் கேள்வியை?"

"யாரோ வக்கீல்."

"சரி. அப்ப என்ன போடணும்?"

"'இல்லை'ன்னு போடணும். 'இல்லை'ன்னு போட்டாத்தான் நானும் வின்னியும் கட்டிக்க முடியும்."

"அட. இதை எவனும் சொல்லலையே. அந்த அட்டைய அடுப்புல போடு. இதைச் சொல்லு எல்லார்கிட்டயும்."

அர்மான் நாட்காட்டியில் நவம்பர் மூன்றைச் சுற்றி வட்டமிட்டு, உள்ளே பெரிதாக 'இல்லை' என்று எழுதினார். லொரேன் தாளில் அவருக்கு ஒன்று போட்டாள். குறிப்புக் கட்டத்தில் நடந்ததை அப்படியே எழுதினாள். முப்பத்தொரு வருடப் பழக்கம்.

திங்கட்கிழமை குவென்டின் அவளை உட்காரச் சொன்னார்.

"அவர் ஒண்ணாம் நம்பர்தான். நான் மறுக்கல. ஆனா தப்பான காரணத்துக்கு ஒண்ணு."

"தப்பான காரணமா?"

"உங்களுக்காகப் போடறேன்னு சொல்லியிருக்கார். ஒரு பிரசாரம் தனி மனுஷங்க மேல நிக்கக் கூடாது லொரேன். நீங்க நாளைக்கு இல்லாம போனா அந்த ஓட்டு என்ன ஆகும்? அதோட ஒரே வீட்டுல வேண்டாத நாலு சொல் வந்திருக்கு. 'கல்யாணம்', 'இல்லை', 'வின்னி', அப்புறம் 'கட்டிக்க'. 'கட்டிக்க'வை நாங்க இன்னும் சோதிக்கவே இல்ல."

அர்மான் வீட்டுக்குத் திருத்தச் சந்திப்பு ஒன்று ஏற்பாடானது. எமரி போனார். அட்டையை மூன்று முறை படித்தார். அர்மான் எதிர்க்கேள்வி கேட்டார். எமரி இரண்டாம் வாக்கியத்தைத் திரும்பப் படித்தார். குடும்பங்களின் பக்கம் நிற்கிறேன் என்று அர்மான் ஒப்புக்கொண்ட பிறகுதான் எமரியால் கிளம்ப முடிந்தது.

லொரேன் அன்றிலிருந்து கதவு தட்டும் வேலையில் இல்லை.

*

அக்டோபர் நடுவில் துண்டறிக்கை வந்தது. ஊரில் எல்லா வீட்டுக்கும் தபாலில் போனது. அதில் ஒரு படம். இலை உதிரும் மேப்பிள் மரத்தடியில் எமரி. அவர் பக்கத்தில் லொரேன். எமரியின் பேரக்குழந்தைகள் இரண்டு பேர் முன்னால் புல்லில். கீழே 'குடும்பம் என்றால் குடும்பம்' என்று எழுதியிருந்தது.

படம் எடுத்த அன்று, தொண்டர்கள் எல்லோரையும் சேர்த்து எடுக்கிறோம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மற்றவர்களைப் பிறகு வெட்டிவிட்டார்கள்.

"நாங்க எங்கயும் பொய் சொல்லல," என்றார் குவென்டின். "நீங்க அவர் மனைவின்னு எழுதியிருக்கா? பாக்கறவங்க அப்படி நெனச்சா அது அவங்க சுதந்திரம்."

"வின்னி படத்தைப் போடலாமே. எங்க ரெண்டு பேர் படம் இருக்கு. ஏரிக்கரையில எடுத்தது."

"பார்த்தேன். அழகான படம். உண்மையைச் சொல்றேன், எனக்கே கண்ணு கலங்குச்சு. ஆனா ஓட்டு போடறவங்க ஏற்கெனவே நம்ம பக்கம் இல்ல. அவங்க கண்ணுல படாத மாதிரி ஜெயிக்கணும். உங்களையெல்லாம் யாரும் பாக்கலைன்னா உங்களை வெறுக்க யாருக்கும் காரணமே இருக்காது. அதுதான் எங்க உத்தி."

கடைத்தெருவில் மூன்று பேர் லொரேனுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். தேவாலயத்தில் ஊருக்கே போடும் பீன்ஸ் விருந்தில் ஒரு கிழவி கையைப் பிடித்துக்கொண்டாள். எமரி நல்ல மனுஷன், அவனை இனியாவது தனியா விடாதே என்றாள்.

லொரேன் துண்டறிக்கையை வின்னியிடம் காட்டினாள். மறைத்தால் தாதிகள் காட்டிவிடுவார்கள்.

வின்னி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்க நான்கு நிமிடம் ஆனது. லொரேன் ஆக்சிஜன் அளவைக் கூட்டினாள்.

"மீசைக்காரனாப் பாத்துப் புடிச்சிருக்கே."

"சும்மா இருடி."

"மேல இருக்கறது என்னோட கோட்டு. அதப் போட்டுக்கிட்டா இன்னொருத்தன் பக்கத்துல நின்னே?"

"குளிரா இருந்துச்சு."

வின்னி இன்னும் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள்.

"இதை இங்க வச்சுட்டுப் போ," என்றாள். "அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட ஒரு கத்தரிக்கோல் கேளு."

*

அக்டோபர் கடைசி வாரம் லொரேனைப் பட்டியல் சரிபார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். தேர்தல் நாளில் நடக்க முடியாதவர்களை அழைத்துப்போகச் சக்கர நாற்காலி ஏறும் வேன் ஒன்று இருந்தது. முதியோர் இல்லத்திலிருந்து ஒன்பது பேரை அழைத்துப்போவதாக இருந்தது. ஒன்பது பேரும் ஒன்று அல்லது இரண்டு. வின்னியின் பெயர் அதில் இல்லை.

தேடினாள். வேறொரு தாளில் இருந்தது. காப், வினிஃபிரெட். வயது அறுபத்தெட்டு. எண் நான்கு. குறிப்பு: கோபக்காரர். தொடர்புகொள்ள வேண்டாம். மதப்பற்று மிக்கவராக இருக்கலாம்.

அன்று மாலையே வின்னியிடம் கேட்டாள்.

"ஒருத்தன் போன் பண்ணான்," என்றாள் வின்னி. "எல்லாக் குடும்பத்தையும் சமமா நடத்தணுமான்னு கேட்டான். எந்தக் குடும்பம்டா, விஷயத்தை வாயைத் தொறந்து சொல்லுன்னேன். மறுபடி அதையே படிச்சான். மறுபடி கேட்டேன். மறுபடி படிச்சான். 'ஏசுவே!'ன்னு கத்திட்டு வச்சுட்டேன்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"பஸ்ல சொல்ற ஒரு வார்த்தை சொன்னேன். அவன் குறிச்சுக்கிட்டானா?"

லொரேன் மறுநாள் குவென்டினின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"வின்னியோட நம்பரை மாத்தணும்."

"மாத்தலாம். அதுக்கு முறை இருக்கு. வேற ஒரு தொண்டர் புதுசா தொடர்புகொண்டு பேசணும். அவங்க ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணு."

"அப்ப யாரையாவது போன் பண்ணச் சொல்லுங்க."

"நாலாம் நம்பரைத் தொடர்புகொள்ளக் கூடாது."

"அவளுக்காகத்தான் நான் இங்க வந்தேன். அவ கல்யாணம்தான் இது."

"அது உங்களுக்குத் தெரியும் லொரேன். எனக்கும் தெரியும். பட்டியலுக்குத் தெரியாது." குவென்டின் குரலைத் தாழ்த்தினார். "நியாயமா பாருங்க. ஆளாளுக்குத் தன்னோட மனுஷங்களை ஒண்ணுன்னு மாத்திக்கிட்டா, ஒண்ணுங்கற நம்பருக்கு என்ன மதிப்பு? அதோட, வெளிப்படையா சொல்றேன், பாதிக்கப்பட்டவங்க எல்லாரும் ஆதரிப்பாங்கன்னு நாங்க எடுத்துக்கறது இல்ல. அது அவங்களை அவமானப்படுத்தற மாதிரி."

தபாலில் வாக்களிக்கச் சொன்னால் வின்னி கேட்க மாட்டாள். லொரேன் முன்பே கேட்டுப் பார்த்திருந்தாள். ஊர்ப் பிள்ளைகளை இருபத்தாறு வருடம் வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறேன், என்னை ஏற்றிப்போக ஒரு வண்டி வராதா என்று கேட்டாள் வின்னி.

*

நவம்பர் மூன்று. மழை இல்லை. பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் வாக்குப்பதிவு.

சட்டப்படியான தூரத்தில் இரண்டு தரப்பின் பலகைகளும் நின்றன. எதிர்த்தரப்பின் பலகையில் 'குடும்பங்களைக் காப்போம்: ஆம்' என்று இருந்தது. கூட்டமைப்பின் பலகையில் 'குடும்பங்களின் பக்கம்' என்று மட்டும் இருந்தது. நிறம்கூட இரண்டும் நீலம்.

லொரேனுக்கு வாசலில் வேலை. வாக்களிக்க வருபவர்களின் பெயரைப் பட்டியலில் குறித்து, மணிக்கொரு முறை அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும்.

பத்தேகாலுக்கு எமரியின் லாரி வந்தது. முன் இருக்கையில் வின்னி. மடியில் ஆக்சிஜன் உருளை. எமரி லாரியைச் சுற்றிவந்து அவள் பக்கக் கதவைத் திறந்தார். எரியும் வீடுகளிலிருந்து ஆட்களைத் தூக்கி வந்த கைகள். அலுங்காமல் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்தார்.

"பட்டியல்ல இல்லாத ஆளை ஏத்தக் கூடாதுன்னாங்க," என்றார் லொரேனிடம். "இது என் லாரி."

"ஊரெல்லாம் உன்னைய என் பொண்டாட்டியோட புருஷன்னு சொல்லுது எமரி," என்றாள் வின்னி. "வெக்கமா இல்ல?"

"இருக்கு."

"இருக்கட்டும். தள்ளு."

அவர்கள் உள்ளே போனார்கள். பதினைந்து நிமிடம் கழித்து வந்தார்கள். வின்னியின் உதடு நீலமாகியிருந்தது. முகம் நன்றாக இருந்தது.

"போட்டாச்சு," என்றாள். "எதுல போடணும்னு ரெண்டு தடவை படிச்சேன். நீ சொல்லிக் குடுக்கலைன்னா நானே தப்பாப் போட்டிருப்பேன்."

லொரேன் பட்டியலில் காப், வினிஃபிரெட் என்ற பெயருக்கு ஒன்று என்று குறித்தாள். பதினோரு மணிக்குப் போனில் சொன்னாள். அலுவலகத்தில் ஒருவர் சரிபார்த்துவிட்டு, அது நான்கு என்றார். பதினொன்றரைக்குக் குவென்டினே கூப்பிட்டார். முதியோர் இல்லத்திலிருந்து எதிர்த்தரப்பு வாக்காளர் ஒருவர் வந்திருப்பது கவலை தருகிறது, அவர்கள் ஏதோ வாகன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது, கண்காணிக்கவும் என்றார்.

மதியம் அர்மான் கைத்தடியோடு வந்தார். தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். வெளியே வரும்போது லொரேனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"முடிச்சுட்டேன் பொண்ணே. குடும்பங்களுக்காக 'ஆம்'. உள்ள போறப்ப மறந்துடுச்சு, எமரி சொன்னது மட்டும் ஞாபகம் இருந்துச்சு. நல்லவேளை வாசல்லயே பலகை வச்சிருக்காங்க."

லொரேன் அவர் கையை விடவில்லை. அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அவள் பட்டியலைப் பார்த்தாள். அர்மான், எண் ஒன்று. டிக் போட்டாள்.

"வின்னிகிட்ட சொல்லு," என்றார். "கேக் நான் கொண்டு வரேன்."

*

புதன்கிழமை காலை சமையலறை ரேடியோவில் கேட்டாள். ரத்து செய்யலாம் என்பது ஐம்பத்து மூன்று சதவீதம். காப்பியைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவினாள்.

இல்லத்துக்குப் போகும் வழியில் மெத்தைக் கடை இல்லை. அவள் சுற்றிக்கொண்டு போனாள். அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

குவென்டின் பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாறு தொண்டர்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். எமரி தரையில் உட்கார்ந்திருந்தார். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"தோல்வின்னு சொல்லாதீங்க," என்றார் குவென்டின். "அந்தச் சொல்லுக்கு முள் ரொம்பக் கீழ போகுது. உண்மையை மட்டும் பாப்போம். நூத்துக்குத் தொண்ணூத்து நாலு தொண்டர்கள் அட்டையை விட்டு விலகவே இல்ல. இது தேசிய அளவுல சாதனை. வாசல்ல வச்சு ஜனங்களைக் கேட்டோம். நாம எதுக்காகப் பிரசாரம் பண்ணோம்னு பத்துல ஏழு பேருக்குத் தெரியல. அதாவது பத்துல ஏழு பேருக்கு நம்ம மேல கோபமே இல்ல. இதுக்கு முன்னாடி எந்த மாநிலத்துலயும் நாங்க இவ்வளவு தூரம் வந்தது இல்ல."

அடுத்த வாரம் அவர் ஏழாவது மாநிலத்துக்குப் போகிறார். இங்கே கற்ற பாடம் அங்கே உதவும் என்றார். அழுதவள் கை தட்டினாள். பிறகு ஏன் தட்டினோம் என்பதுபோலக் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

லொரேன் அட்டையை மேசைமேல் வைத்தாள். மடங்கியிருக்கிறதா என்று குவென்டின் திருப்பிப் பார்த்தார். மடங்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். இந்த அனுபவத்தை எப்படி மதிப்பிடுகிறீர்கள், ஒன்று முதல் ஐந்துவரை.

"உங்க தோழிக்கு எப்படி இருக்கு?" என்றார். "அவங்க பேரு... வேண்டாம், வாயில வருது."

அவருக்கு வரவில்லை. லொரேன் சொல்லித்தரவில்லை.

இல்லத்தின் வாசலில் தாதி ரொசால்பா அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். ரேடியோ அவளும் கேட்டிருப்பாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அஞ்சு மணிக்கே எழுந்துட்டாங்க. நீல கோட்டுதான் வேணும்னாங்க. போட்டு விட்டேன். டிவி போட வேண்டாம்னுட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதாம். லொரேன்தான் வந்து சொல்லணுமாம்."

"நீ சொல்லலையா?"

"நான் எப்படிச் சொல்வேன்?"

லொரேன் தாழ்வாரத்தில் நடந்தாள். கதவு திறந்திருந்தது.

வின்னி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தது. உதட்டில் சாயம், கோடு கொஞ்சம் தாண்டியிருந்தது. படுக்கையோர மேசையில் துண்டறிக்கையை நிறுத்தி வைத்திருந்தாள். எமரி இருந்த இடத்தில் ஒரு துளை வெட்டி, தன் பேருந்து ஓட்டுநர் அடையாள அட்டையின் படத்தை ஒட்டியிருந்தாள். தலை மேப்பிள் மரத்தைவிடப் பெரிதாக இருந்தது.

இன்னொரு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. மேவிஸ் உட்காருவதற்கு.

லொரேன் வாசலில் நின்றாள். கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. அட்டை அங்கே இல்லை.

"ஏண்டி அங்கயே நிக்கறே?" என்றாள் வின்னி. "மேவிஸ் எத்தனை மணிக்கு வராளாம்?"